நான் ஓடுவதும் நீ உட்கார்ந்ததும்

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று அடுத்த வரியை வழக்கமாக யோசிக்காமல் எழுதிவிடுவேன். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. மலைக்கோட்டையிலிருந்து இறங்கி வந்த நாள் முதல் அது ஒன்றுதான் எனக்குத் தெரியாமல் இருக்கிறது. நேரில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய். உன் பக்கத்து குவார்ட்டர்ஸுக்குப் போன் செய்து சொன்னால் அந்த வீட்டுக்காரர் காதிலும் விழும். இன்லண்டு லெட்டரில் அடங்காது என்று கடைக்குப் போய் வெள்ளைத் தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, வரி ஏறி இறங்கித்தான் இருக்கும். பாப்பாவிடம் காட்டித் திருத்தச் சொல்லாதே. அவள் உன்னைப் போலவே வகுப்பில் முதலாவதாக வருகிறாள், அப்பாயி எழுத்தைப் பார்த்தால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவாள். இது நீ மட்டும் படிக்க வேண்டியது.

நான் மார்கழியில் ஓடுவதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உனக்குப் புரியாது. நிறுத்தச் சொல்லி நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். எதற்காக ஆரம்பித்தேன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த வருஷத்திலிருந்து எனக்கு மார்கழி என்றால் கோலம். இருட்டோடு எழுந்து வாசலில் சாணம் தெளித்து, வீட்டு அகலத்துக்குக் கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூவை வைத்துவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு ஒடியும், மனசு நிறைந்திருக்கும். உன் அப்பா காலமான வருஷம் வாசலில் கோலமே இல்லை. அதற்கு அடுத்த மார்கழியில் கோலம் வந்தது, ஆனால் அதைப் போட்டது பாத்திரம் தேய்க்க வந்த பெண். நான் மாவுக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது உன் பெரிய அத்தை ஒன்றும் பேசாமல் அதை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பழகின உடம்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அதே நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். கோயில் ஒலிபெருக்கியில் பாசுரம் ஆரம்பிக்கும். தெரு முழுக்கப் பெண்கள் குனிந்துகொண்டிருப்பார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சரி, காவேரியில் போய் முழுகிவிட்டு வரலாம் என்று ஒரு நாள் துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு மாமி கோயிலுக்குக் கிளம்பி அப்போதுதான் வெளியே காலை வைத்தாள். என்னைப் பார்த்தாள். காலை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். தாலி அறுத்தவள் எதிரே வந்தால் உள்ளே போய்ச் சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். உனக்குத் தெரிந்ததுதான். மாமி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள். நல்ல மனுஷி செய்ததால்தான் எனக்கு அது ஆறவில்லை. மறுநாள், யார் கதவும் திறப்பதற்கு முன்னால் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினேன். நடந்து போனால் தெருமுனை வருவதற்குள் இரண்டு கதவு திறந்துவிடுகிறது. அதனால் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். யார் முகத்திலும் விழிக்கக் கூடாது என்பதற்காக ஓடினேன், தம்பி. வேறு எந்த எண்ணமும் அப்போது இல்லை.

ஆனால் அம்மா மண்டபத்துக்குத் திரும்புகிற இடத்தில் நிற்க வேண்டியவள் நிற்கவில்லை. கால் நிற்க மாட்டேன் என்றது. படித்துறையை விட்டுவிட்டு மேற்கே திரும்பி, ஆற்றங்கரை மண்பாதையில் வாழைத்தோட்டம் வரை போனேன். அதை எப்படிச் சொல்ல. முதலில் நெஞ்சு முரண்டு பிடிக்கும், விலாவில் குத்தும், திரும்பிப் போய்விடலாம் என்று இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் எங்கோ ஒரு கதவு திறந்த மாதிரி மூச்சு தாராளமாக வரும். பாதத்துக்குக் கீழே மண் ஜில்லென்று இருக்கும், காது மடல் குளிரும், முதுகு மட்டும் சூடாக இருக்கும். ஆற்றின் மேல் பனி படுத்திருக்கும். அக்கரையில் மலைக்கோட்டை தெரியாது, உச்சியில் இருக்கிற விளக்கு மட்டும் எதிலும் ஒட்டாமல் தொங்கும். பாலத்தில் ரயில் போனால் வெளிச்சச் சன்னல்கள் வரிசையாகப் பனிக்குள் போய் மறையும். வாழை இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும் என் மூச்சுச் சத்தமும் தவிர ஒன்றும் இருக்காது. கோலம் போட்டு நிமிரும்போது இருந்ததே ஒரு நிறைவு, அது அந்தக் கரையில் திரும்பக் கிடைத்தது. மாசி பிறந்து வெயில் ஏறிவிட்டால் அந்தச் சுகம் இல்லை, ஐப்பசியில் சேறு. அதுவும் போக, மற்ற மாதங்களில் விடிவதற்கு முன் ஒரு பொம்பளை வெளியே போனால் எங்கே என்று கேட்பார்கள். மார்கழியில் யாரும் கேட்பதில்லை. ஊரே வெளியில்தான் இருக்கிறது.

கேட்காமலும் இல்லை. பால்காரர் கேட்டதும் அதனால் வந்த கூத்தும் உனக்கு நினைவிருக்கும். நான் ஓட ஆரம்பித்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சைக்கிளில் எதிரே வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே திருப்பிக்கொண்டு கூடவே வந்தார்.

"என்னாச்சுங்க அக்கா? யாருக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லைங்க. சும்மாதான்."

"சும்மா ஓடுவாங்களா யாராச்சும்? என்கிட்ட சொல்லக்கூடாதா?"

எனக்கு மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை. அழுகையில் பேச்சு வரவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நம் தெருவில் ஒரு பொம்பளை ஓடினால் ஒன்று சாவு, இல்லை பிரசவம், மூன்றாவதாக ஒன்றை அவர் கண்டதில்லை. நான் கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் தோளில் துண்டு போட்ட நாலு பேர் நிற்கிறார்கள். நீ தூக்கக் கலக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். "யாருப்பா தவறிட்டாங்க?" என்று மூலைவீட்டுக்காரர் கேட்க, "எனக்கே தெரியலங்க, அம்மா வந்தாத்தான் தெரியும்" என்று நீ சொன்னாயே, அதை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நீ சிரிக்கவில்லை. அப்பா போன வீட்டில் அப்படி நாலு பேர் வந்து நின்றால் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று பிறகுதான் தோன்றியது.

மாமியும் மாறினாள். வருஷங்கள் போன பிறகு ஒரு நாள் எனக்குக் காலில் சுளுக்கு, கிளம்ப நேரமாகிவிட்டது. வாசலுக்கு வந்தால் எதிர்க் கதவு இடுக்கில் மாமியின் மூக்குத்தி மினுங்குகிறது. "ஏண்டி, இன்னிக்கு என்ன இவ்வளவு நாழி? நீ ஓடினதுக்கப்புறம்தானே நான் கிளம்பறது. உன் காலடிச் சத்தம் கேக்கலன்னா எனக்குப் பொழுதே விடியலடி" என்றாள். அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா, பிரியம் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் போல.

நீதான் மாறவில்லை. அப்போதுதான் கம்பெனியில் சேர்ந்திருந்தாய். முதல் ஷிப்ட் பஸ் அம்மா மண்டபம் சாலை வழியாகப் போகும்போது பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். "டேய், உங்கம்மா பஸ்ஸ விட்டுட்டாங்க போல, நிறுத்தச் சொல்லவா?" என்று கேட்டார்களாம். அன்று சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாய். "ஊர்ல எவ்வளவோ அம்மா இருக்காங்க, யாரும் ஓடலயேம்மா" என்றாய். எனக்கு உன் மேல் கோபம் இல்லை. சாலையை விட்டு, மேலூர்ப் பக்கமாகத் தோட்டத்து வழியில் போக ஆரம்பித்தேன், உன் பஸ்ஸில் தெரியாத வழி. ஓடுவதை மட்டும் விடவில்லை. உனக்கும் மல்லிகாவுக்கும் கல்யாணம், நீ கைலாசபுரம் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனது, பாப்பா பிறந்தது, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒவ்வொரு பனிக்காலமும் ஓடினேன். போன மார்கழியில் கரையில் கல் தடுக்கி விழுந்து முட்டி சிராய்த்தது. ஒரு வாரம் கழித்து வந்து பார்த்த உனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கரையில யாரும்மா பாத்துக்குவாங்க?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் பயம் எனக்குத் தெரியும். என் பயத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அப்பாவுக்குப் பல்வலி வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். பெரிய கடை வீதி ஜவுளிக்கடையில் வெள்ளை மெத்தை மேல் நாள் முழுக்கச் சம்மணம் போட்டுச் சேலை பிரித்துக் காட்டியவர். காலமான அந்த வருஷம், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடைக்கு நடக்கும்போது இடது பக்கத் தாடையில் வலிக்கிறது என்றார். கடையில் போய் உட்கார்ந்தால் சரியாகிவிடும். கிராம்பு வைத்தோம், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். பல் டாக்டர் நன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, பல்லில் ஒன்றும் இல்லையே என்றுதான் சொன்னார். உன் அப்பா விடவில்லை, பிடுங்கியே ஆக வேண்டும் என்று நின்றார். பிடுங்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் வீட்டில் படுத்திருந்தார், வலியே இல்லை. பார்த்தாயா, பல்லேதான் என்று எல்லோரும் சொன்னோம். கடைக்குப் போக ஆரம்பித்ததும் வலியும் கூடவே வந்தது. அதற்குப் பக்கத்துப் பல்லையும் எடுத்துக்கொண்டார். ஆடி மாதத் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தவர் அந்தச் சேலை மேலேயே சாய்ந்தார். பெரியாஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பிறகு என்னைக் கூப்பிட்டு, "நெஞ்சு வலின்னு சொன்னதே இல்லையாம்மா?" என்று கேட்டார். இல்லைங்க, பல்வலிதான் என்றேன். அதற்கு அவர், "சில பேருக்கு அப்படித்தான் சொல்லும்மா, இதயம்" என்றார்.

இப்போது மலைக்கோட்டைக்கு வருகிறேன். பாப்பா பரிசு வாங்கியதற்காக உச்சிப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டதைச் செலுத்தப் போனோம். தாயுமானவர் சன்னதி தாண்டியதும் நீ உட்கார்ந்தாய். ஊரைப் பார்க்கிறேன் என்றாய். அந்த இடத்தில் சுவர்தான் இருக்கிறது, ஊர் தெரியாது. பாப்பாவும் மல்லிகாவும் முன்னால் போய்விட்டார்கள். நான் உன் பக்கத்திலேயே நின்றேன். உன் கை இடது தாடையைத் தடவிக்கொண்டிருந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. கடைவாய்ப் பல்லு. ரெண்டு மாசமா இப்படித்தான், வரும் போகும். மல்லிகாகிட்ட சொல்லிடாத, உடனே பத்தியம்னு ஆரம்பிச்சுடுவா."

மேலே இன்னொரு தடவை உட்கார்ந்தாய். கீழே இறங்கி வந்து பூக்கடை பக்கத்தில் காப்பி குடிக்கும்போது, வலி போயிடுச்சு என்றாய். பல்லுக்கு ஏறுவதும் இறங்குவதும் எப்படிடா தெரியும்? நான் இத்தனை வருஷமாக என் மூச்சைக் கேட்டுக்கொண்டு ஓடுகிறவள். ஓடி வாங்குகிற மூச்சுக்கு ஒரு சத்தம் உண்டு, அது வாய் நிறைய வரும், சுகமாக இருக்கும், நின்றால் அடங்கும். அந்தப் படியில் நீ வாங்கிய மூச்சு அது இல்லை. அது மேலாகவே வந்து மேலாகவே போனது. நான் டாக்டர் இல்லை. நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். தப்பாகவே இருக்கட்டும். வெறும் பல்லாக இருந்தால் தேங்காய் உடைக்கிறேன். ஆனால் ஒரு தடவை பல் என்று நம்பினேன், தம்பி. இன்னொரு தடவை நம்பச் சொல்லாதே.

டாக்டரைப் பார் என்று அங்கேயே சொன்னேன். நீ காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "பொங்கல் கழிச்சு வடக்க சைட்டுக்குக் கிளம்பணும். இந்த நேரத்துல கம்பெனி ஆஸ்பத்திரியில போய் நின்னா அன்ஃபிட்னு எழுதிடுவான். எத்தனை வருஷம் கழிச்சு வந்த ப்ரமோஷன் தெரியுமா?" என்றாய். நான் விடாமல் கேட்டதும் சிரித்தாய். "சரி, ஒரு பந்தயம். நீ ஓடுறத நிறுத்து, நான் டாக்டரப் பாக்குறேன்" என்றாய். நான் நிறுத்த மாட்டேன் என்கிற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு உன் மேல் ஆத்திரமாக இருந்தது. என்னிடம் இருப்பது அது ஒன்று. அதைப் போய்க் கேட்கிறானே என்று இருந்தது. மார்கழிக்குக் கால்களைப் பழக்கக் கார்த்திகைக் கடைசி நாட்களில் ஓடுவேனே, அப்போதுகூட அதே நினைப்புத்தான். மூச்சில் அந்தக் கதவு திறக்கவே இல்லை. வாழைத்தோட்டம் வரை போய்விட்டுத் திரும்பி நடந்தே வந்தேன். வடக்கே முன்பின் தெரியாத ஊரில், ராத்திரி ஷிப்ட் முடிந்து நீ தனியாக ஏதோ ஒரு படியில் உட்கார்ந்து தாடையைத் தடவுவது மாதிரியே கண்ணுக்குள் வருகிறது. பக்கத்தில் இருப்பவன் கிராம்பு கொடுப்பான். நல்லவனாகத்தான் இருப்பான். நாங்களும் நல்லவர்களாகத்தான் இருந்தோம்.

அன்ஃபிட் என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். நீ ஒவ்வொரு படியாக ஏறி வந்தவன், உன்னை நினைத்து நான் படுகிற பெருமையைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி மாமிக்கே மனப்பாடமாகிவிட்டது. கம்பெனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால் உறையூரில் ஒரு டாக்டர் இருக்கிறாராம், நெஞ்சில் கம்பி வைத்துப் பார்க்கிற மெஷின் அவரிடமே இருக்கிறது என்று கேட்டு வைத்திருக்கிறேன். கம்பெனிக்கு அந்தச் சேதி போக வேண்டியதில்லை. நான் கூட வருகிறேன். வெட்கமாக இருந்தால் எனக்குக் காட்டப் போவதாகச் சொல்லிக்கொள். ஓடி ஓடி நெஞ்சு கெட்டுவிட்டது, அம்மாவைக் காட்டப் போகிறேன் என்று சொன்னால் மல்லிகா உடனே நம்புவாள். பாப்பாகூட நம்புவாள்.

இன்றைக்கு மார்கழி பிறந்துவிட்டது. முழிப்பு வந்தது. உன் அப்பாவின் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, கதவைத் திறக்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பஜனை போய் முடிந்தது. கால் இரண்டும் துடித்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து, மாமி குறுக்கே நடந்து வந்து நம் கதவைத் தட்டினாள். மார்கழிக் காலையில் கோயிலுக்குப் போகும் முன் என் வீட்டுக் கதவைத் தட்டியது இதுதான் முதல் தடவை.

"உடம்புக்கு என்னடி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமி. பையன் டாக்டர்கிட்ட போகணும்."

"அவன் போறதுக்கு நீ ஏண்டி உக்காந்திருக்கணும்?"

பந்தயத்தைச் சொன்னேன். "அசடு, ரெண்டும் அசடு. சீக்கிரம் போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கத் திரும்பிப் போகாமல் நேரே கோயிலுக்கு நடந்தாள்.

நீ கேட்டதை நான் கொடுத்துவிட்டேன், தம்பி. நாளைக்கும் ஓட மாட்டேன், மறுநாளும் ஓட மாட்டேன். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இப்போது பின்வாங்காதே. டாக்டர் பார்த்த அன்றைக்கு ஒரு கார்டு போடு. அவர் சொன்னது என்னவோ அதை மறைக்காமல் எழுது, அது போதும். ஒன்றும் இல்லை என்று வந்தால் மறுநாள் காலையில் நான் கரையில் இருப்பேன், உனக்கு மனசிருந்தால் நீயும் வரலாம், நடந்தே வரலாம். ஏதாவது இருக்கிறது என்று வந்தால் அன்றைக்கே பெட்டியோடு கைலாசபுரம் வந்துவிடுகிறேன், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மார்கழி சின்ன மாதம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பு.

அம்மா